கண்ணாடி வீட்டுக்கு ஒரு வேலை

எங்கள் மேட்டுக்கு வருகிற நகரத்து நண்பர்கள் முதலில் கேட்பது கேரட்டைப் பற்றியோ தேயிலையைப் பற்றியோ இல்லை. "அந்தப் பங்களா யாரோடதுங்க?" என்றுதான் கேட்பார்கள். கோத்தகிரியிலிருந்து இந்தப் பக்கம் வருகிற ரோட்டில் கடைசி வளைவு திரும்பினதும் அது கண்ணில் படும். தகரக் கூரை, ரெண்டு புகைபோக்கி, முன்னாடி நீளமான வராந்தா. எல்லாரும் வண்டியை நிறுத்தி ஒரு படம் எடுப்பார்கள்.

பங்களாவுக்குப் பின்னாடி ஒரு கண்ணாடி வீடு இருக்கிறது. அதைப் பத்துப் பேரில் ரெண்டு பேர் பார்ப்பார்கள். சரிவுக்குக் கீழே ஆறு ரூம் லயன் வீடு ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டவர்கள் இதுவரை யாரும் கிடையாது. மூணும் ஒரே எஸ்டேட், மூணும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் கட்டினது. பங்களாவை மட்டும் காப்பாற்றினால் பாதிக் கதையைத்தான் காப்பாற்றுகிறோம் என்பது என் எண்ணம். ஏன் அப்படி நினைக்கிறேன், ரெண்டு வருஷமாக நாங்கள் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறோம், இப்போது எதற்குக் கவலைப்படுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1819ல் அப்போதைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் இந்த மலைக்கு ஏறி வந்தார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் ஒரு வீடு கட்டினார். பெத்தக்கல் பங்களா என்று சொல்வார்கள். வெள்ளைக்காரன் நீலகிரியில் கட்டின முதல் வீடு அதுதான். ரொம்ப வருஷம் கேட்பாரில்லாமல் சிதிலமாகக் கிடந்ததை எடுத்துப் புதுப்பித்தார்கள். இன்றைக்குச் சிவப்பு நிறத்தில் நிற்கிறது, உள்ளே மியூசியம். போனீர்கள் என்றால் பழைய நீலகிரிப் படங்கள் நிறையப் பார்க்கலாம்.

அதே சல்லிவன் 1822ல் ஊட்டியில் கட்ட ஆரம்பித்தது ஸ்டோன் ஹவுஸ். ஊர்க்காரர்கள் வாயில் அது கல் பங்களா. அது இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது, கல்லூரியே அதைப் புழங்குகிறது. ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றை யாரும் புழங்கவில்லை, விழப் பார்த்தது, அப்புறம் காப்பாற்ற வேண்டியிருந்தது. இன்னொன்றில் ஆள் இருந்தார்கள், கதவு தினமும் திறந்தது. ஒழுகினால் யாராவது மேலே ஏறிப் பார்த்திருப்பார்கள்.

கண்ணாடி வீட்டுக்கு வருகிறேன். இங்கே எதற்கு அது என்று கேட்பீர்கள். மார்கழி, தை மாசத்தில் எங்கள் பள்ளத்தில் சில ராத்திரி உறைபனி விழும். காலையில் புல் வெள்ளையாக இருக்கும். உருளைக்கிழங்குச் செடி வெந்நீர் ஊற்றின மாதிரி கருகிப் போகும். அந்தப் பனிக்கு பிகோனியா, ஃபியூஷியா மாதிரிச் செடிகளெல்லாம் தாங்காது. பங்களா அம்மாக்களுக்கோ பூ வேணும். அதனால் பெரிய எஸ்டேட் பங்களாக்களில் ஒரு கண்ணாடி வீடு கட்டிக்கொண்டார்கள்.

கண்ணாடி வீடு கட்டுகிற ஆசை அவர்கள் ஊரிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் கண்ணாடிக்கு நூறு வருஷமாக வரி இருந்தது. 1845ல் அதை எடுத்தார்கள். கண்ணாடி மலிவாச்சு. 1851ல் லண்டனில் கிரிஸ்டல் பேலஸையே கண்ணாடியில் கட்டிக் காட்டினார்கள். பெங்களூர் லால்பாக்கில் நீங்கள் பார்க்கிற கண்ணாடி மாளிகைக்கு 1889ல் அடிக்கல் போட்டார்கள், அதுவும் கிரிஸ்டல் பேலஸைப் பார்த்து வந்த ஆசைதான். ஊட்டி தாவரவியல் பூங்கா அதற்கும் முன்னாடி, 1848. மெக்ஐவர் என்கிற தோட்டக்காரர் உருவாக்கினது. அங்கேயும் கண்ணாடி வீடு உண்டு. மே மாசம் மலர்க் கண்காட்சி வந்துவிட்டால் உள்ளே கால் வைக்க இடம் இருக்காது.

இன்னொரு விஷயம், தேயிலை போடுகிறவன் என்கிற முறையில் எனக்குப் பிடித்தது. லண்டனில் நத்தானியேல் வார்டு என்று ஒரு டாக்டர். 1829ல் ஒரு மூடின கண்ணாடிப் பாட்டிலுக்குள் ஈர மண் போட்டு பூச்சிக் கூட்டுப்புழு ஒன்றை வைத்திருந்தார். புழு என்ன ஆச்சோ, மண்ணில் ஒரு பெரணி முளைத்து நன்றாக வளர்ந்தது. உள்ளே இருக்கிற ஈரமே ஆவியாகி, கண்ணாடியில் பட்டு, திரும்ப மண்ணுக்கு இறங்குகிறது என்று கண்டுபிடித்தார். அதை வைத்துக் கண்ணாடிப் பெட்டி செய்தார்கள். அந்தப் பெட்டிக்குள் வைத்துத்தான் பின்னாடி சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகளைக் கப்பலில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கன்றுகள் போனது இமயமலைப் பக்கம். ஆனாலும் தேயிலையை ஊர்விட்டு ஊர் கொண்டுபோனதில் கண்ணாடிக்கு ஒரு பங்கு உண்டு. அதை நினைத்தால் பங்களாவுக்குப் பின்னாடி நிற்கிற அந்த வீட்டை வெறும் பூச்சட்டி வைக்கிற இடம் என்று தள்ள மனசு வரவில்லை.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அதைப் பார்த்திருந்தீர்கள் என்றால் வீடு என்றே சொல்லியிருக்க மாட்டீர்கள். நாற்பது அடி நீளம், பதினைந்து அடி அகலம். பின்பக்கம் பத்தடி உயரத்துக்குச் செங்கல் சுவர், அதன்மேல் சாய்த்து வைத்த மாதிரி தேக்குச் சட்டங்களில் கண்ணாடி. மொத்தம் 520 சில்லு. அதில் 210 உடைந்திருந்தது. குரங்கு குதித்து உடைந்தது பாதி, கிளை விழுந்து உடைந்தது பாதி. உள்ளே உண்ணிச்செடி ஆளுயரம். சுவரில் அரசங்கன்று ஒன்று வேர்விட்டு, ரெண்டு வரிசைச் செங்கலை நெட்டித் தள்ளியிருந்தது.

நாங்கள் அஞ்சு சின்ன விவசாயிகள். எல்லாருக்கும் சேர்த்தே பத்து ஏக்கர் தேறாது. கொஞ்சம் தேயிலை, மிச்சத்தில் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கேரட், பீட்ரூட். மேட்டுப்பாளையம் மண்டியில் என்ன விலை சொல்கிறார்களோ அதுதான் எங்கள் தலையெழுத்து. கேரட்டை நேரடியாக விதைத்துவிடலாம். முட்டைக்கோஸுக்கும் காலிஃபிளவருக்கும் நாற்று வேணும். நாற்றை வெளியே வாங்கினால் காசு போகும், வருகிற நேரத்தில் வராது. சொந்தமாக நாற்றங்கால் போடலாம் என்று பேசினபோது பசுமைக்குடில் போடுகிற யோசனை வந்தது. மானியம் போக நம் கையிலிருந்தும் போடணும். மேலே போடுகிற ஷீட் மூணு நாலு வருஷத்தில் வெளுத்துக் கிழியும், காற்று அடித்தால் இன்னும் சீக்கிரம். இந்தப் பக்கம் கார்னேஷன் பூவுக்குக் குடில் போட்டுக் கடனில் நிற்கிறவர்களை எங்களுக்கே தெரியும்.

அப்போது பெரியவர்தான் சொன்னார். அந்த எஸ்டேட்டில் நாற்பது வருஷம் மாலியாக இருந்தவர், வயசு எண்பதைத் தாண்டிவிட்டது. "தம்பி, கண்ணாடி போட்ட குடிலே சும்மா கெடக்குது. பிளாஸ்டிக்குக்கு எதுக்கு அலையறீங்க?"

உரிமையாளர் குடும்பம் கோயம்புத்தூரில் இருக்கிறது. போய்ப் பேசினோம். வருஷ வாடகை சொற்பம், ரிப்பேர் எங்கள் செலவு, மூணு வருஷ ஒப்பந்தம் என்று முடிந்தது.

வேலை ஆரம்பித்தபோது எங்கள் பசங்களுக்கு முதலில் கண்ணாடி மாட்டிப் பார்க்கணும் என்று ஆசை. பெரியவர் விடவில்லை. முதலில் தண்ணி எங்கே போகுது பாரு என்றார். கூரை நீர் இறங்குகிற இரும்புக் காடி முழுக்க இலைச்சருகு மக்கி மண்ணாகியிருந்தது. அதில் செடியே முளைத்திருந்தது. தண்ணி வழிந்து சுவருக்குள் இறங்கினதால்தான் சுவர் ஊறிப்போயிருந்தது. ஒரு கட்டடத்தை இடிக்க யாரும் கடப்பாரை எடுக்க வேண்டியதில்லை, காடியை மூணு மழைக்குச் சுத்தம் செய்யாமல் விட்டால் போதும் என்று அன்றைக்குத்தான் விளங்கிச்சு. ரெண்டு நாள் அதையே சுத்தம் செய்தோம்.

அரசங்கன்றைப் பிடுங்கவில்லை. பிடுங்கினால் செங்கல் கூடவே வரும். வெட்டி, அடித்தண்டில் துளை போட்டு மருந்து வைத்துக் காய விட்டோம். காய்ந்தபிறகு வேரை எடுத்துவிட்டுச் சுவரைக் கட்டினோம்.

சுவரில் இன்னொரு பிரச்சினை. எப்போதோ யாரோ வெடிப்பை மறைக்க சிமெண்ட் பூசியிருந்தார்கள். பழைய சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டினது. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயில் பட்டால் விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே போக வழி இல்லாமல் உள்ளேயே நின்று செங்கலைத் தின்னும். சிமெண்டைக் கொத்தினதும் பின்னாடி செங்கல் மாவு மாதிரி உதிர்ந்தது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இங்கே கிடைக்கவில்லை. மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து ஒருத்தரைக் கூட்டிவந்தோம். சுண்ணாம்பை ஊறவைத்து, மணல் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணி விட்டு அரைத்துப் பூசினார். "இது காய நாளாகும், அவசரப்படுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சாந்துக் கரண்டியைக் கையில் எடுத்தார்.

கண்ணாடிக்கு வந்தபோதுதான் பெரியவரின் அருமை தெரிந்தது. பழைய சில்லுகளின் கீழ்விளிம்பு நேராக இல்லை, நடுவில் லேசாகத் தொங்கின மாதிரி வளைந்திருந்தது. யாரோ சரியாக வெட்டத் தெரியாமல் வெட்டியிருக்கிறார்கள் என்று கண்ணாடிக் கடைக்காரர் சிரித்தார். பெரியவர் ஒரு சொம்புத் தண்ணியை மேலிருந்து ஊற்றிக் காட்டினார். தண்ணி வளைவைத் தேடி நடுவுக்கு வந்து, ஒரு சில்லிலிருந்து அடுத்த சில்லுக்கு நடுவாகவே இறங்கியது. ரெண்டு பக்கமும் இருக்கிற மரச்சட்டத்தில் படவே இல்லை. மரம் நனையாததால்தான் அந்தத் தேக்கு அத்தனை வருஷம் நின்றிருக்கிறது. புதுச் சில்லு எல்லாவற்றையும் அதே வளைவில் வெட்டச் சொன்னோம். ஒரு சில்லின் மேல் அடுத்தது கால் அங்குலம்தான் ஏறணும், அதிகம் ஏறினால் நடுவில் பாசி பிடிக்கும் என்பதும் அவர் சொன்னதுதான். சாக்பொடியும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்த மக்கில் உட்கார வைத்தோம்.

பின்சுவர் ஏன் அவ்வளவு தடிமன் என்றும் அவர்தான் சொன்னார். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். கண்ணாடி தெற்கே பார்த்திருப்பதால் வெயில் நேராக அந்தச் சுவரில் விழும். பகலெல்லாம் வாங்கின சூட்டைச் சுவர் ராத்திரி விடும். சுவரோரம் இருக்கிற கல் தண்ணித் தொட்டியும் அதே வேலையைச் செய்யும். பங்குனி, சித்திரையில் வெயில் ஏறினால் கண்ணாடிக்கு மேல் நீர்த்த சுண்ணாம்பு அடித்துவிடணும், மழை வந்தால் அது தானாகக் கழுவிப் போகும். கரண்ட் இல்லை, மோட்டார் இல்லை. இதெல்லாம் எழுதி வைத்த புத்தகம் எதுவும் அந்த பங்களாவில் கிடையாது. அவர் ஒருத்தர் தலைக்குள் இருந்தது. கட்டடம் விழுந்திருந்தால் அதைச் சொல்ல அவருக்கு ஒரு காரணமே வந்திருக்காது.

மொத்தச் செலவு 1,86,000 ரூபாய். அஞ்சு பேர் பங்கு போட்டுக்கொண்டோம். இப்போது ஒரு தடவைக்கு இருபதாயிரம் நாற்று எடுக்கிறோம். குழித்தட்டில் தென்னை நார்க்கழிவு போட்டு விதைத்தால் நாலு வாரத்தில் முட்டைக்கோஸ் நாற்று ரெடி. எங்கள் தேவைக்குப் போக மிச்சத்தைப் பக்கத்து ஊருக்கு விற்கிறோம். போட்ட காசு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை, ஆனால் திரும்பும்.

இங்கிலாந்தில் கார்ன்வால் பக்கம் ஹெலிகன் என்று ஒரு எஸ்டேட் தோட்டம் உண்டு. முதல் உலகப் போருக்கு அங்கே வேலை செய்த தோட்டக்காரர்கள் கிளம்பினார்கள். பலர் திரும்பவில்லை. கண்ணாடி வீடுகள் இடிந்து, தோட்டம் முழுக்க முள் மூடிப்போச்சு. 1990ல்தான் முள்ளை வெட்டி உள்ளே போனார்கள். தோட்டக்காரர்களின் கழிப்பறைச் சுவரில் அவர்கள் கையால் எழுதிய பெயர்கள் இருந்தன, 1914 ஆகஸ்ட் என்று போட்டு. அந்த இடத்தைச் சரிசெய்தவர்கள் துரைமார்கள் கதையை விட்டுவிட்டு அந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டார்கள். காய்கறித் தோட்டத்தை மறுபடி வேலை செய்ய வைத்தார்கள். சாணச் சூட்டில் அன்னாசி வளர்த்த பழைய குழியில் மறுபடி அன்னாசி காய்த்தது.

இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் கண்ணாடி வீட்டைப் பார்க்கவில்லை. சரிவுக்குக் கீழே லயனைக் காட்டினார். "எங்க பேரெல்லாம் அங்கதான் இருக்குது தம்பி."

போய்ப் பார்த்தேன். மூணாவது ரூம் நிலையில் கத்தியால் கீறின கோடுகள். பிள்ளைகள் வளர்ந்த உயரம். பக்கத்தில் கோணல் எழுத்தில் பெயர்கள். பத்துக்குப் பத்து ரூம், முன்னாடி ஒரு சின்ன திண்ணை, அடுப்புப் புகையில் கறுத்த சுவர். அதில் ஒரு குடும்பம், சில சமயம் ரெண்டு. தோட்டத் தொழிலாளருக்கு ஒழுங்கான வீடு கொடுக்கணும் என்று 1951ல் சட்டம் வந்தது. இந்த லயன் அதற்கும் முன்னாடி கட்டினது. மேலே பூச்செடிக்குக் குளிர் தாங்காது என்று கண்ணாடி வீடு, கீழே அதைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு ஒற்றைத் தகரம். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் கோபம் வருகிறது என்பதற்காக இடித்துப் போட்டால், அந்தக் கோபத்துக்கு என்ன சாட்சி இருக்கும்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வருகிற பங்குனியோடு எங்கள் ஒப்பந்தம் முடிகிறது. பங்களாவை ரிசார்ட் ஆக்க ஒருத்தர் பேசிக்கொண்டிருக்கிறார். பங்களா நிற்கும், அதற்குக் காசு உண்டு. கண்ணாடி வீடு இருக்கிற இடத்தில் கார் நிறுத்தணுமாம். லயனைத் தரைமட்டமாக்கி காட்டேஜ். அரசாங்கம் பாதுகாக்கிற எந்தப் பட்டியலிலும் எங்கள் மேட்டுக் கண்ணாடி வீடு இல்லை, லயன் சுத்தமாக இல்லை. உரிமையாளர் நினைத்தால்தான் உண்டு.

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தேயிலை விலையை வைத்து இவ்வளவு பெரிய பங்களாவுக்கு வருஷா வருஷம் தகரம் மாற்ற முடியாது. அதனால் இடிக்காதீங்க என்று வெறும் கையோடு போய் நிற்கவில்லை. ஒரு கணக்கு எழுதிக் கொண்டுபோனோம். கண்ணாடி வீடு நாற்றங்காலாகவே இருக்கட்டும், வாடகையை ஏற்றிக் கொடுக்கிறோம். ரிசார்ட் சமையலுக்கு எங்கள் காய்கறி, மண்டி விலைக்கே. வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்ட பெரியவரின் பேத்தி தயார், தாத்தா சொன்னது முழுக்க அவளுக்கு மனப்பாடம். லயனில் நாலு ரூமைக் காட்டேஜாக மாற்றிக்கொள்ளுங்கள், கல் சுவரை அப்படியே வைத்து. மூணாவது ரூமையும் பக்கத்து ரூமையும் மட்டும் விட்டுவிடுங்கள். ஒன்று எங்களுக்கு விதை வைக்க, இன்னொன்று இலை பறிக்கிற பெண்கள் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்து சாப்பிட.

உரிமையாளர் மகன் முழுசாகப் படித்தார். "கார் நிறுத்த கீழ ரோட்டோரம் இடம் பார்க்கலாங்ண்ணா. லயன் விஷயம் அப்பாகிட்ட கேக்கணும்" என்றார். அவ்வளவுதான் இன்றைய நிலவரம்.

உங்களுக்கு ரெண்டு வார்த்தை. மலைக்கு வந்து பழைய பங்களாவில் தங்கினால், பின்பக்கம் என்ன இருக்கிறது, இங்கே வேலை செய்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று மேனேஜரிடம் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் இடிக்க யோசிப்பார்கள். உங்களுக்கே ஊரில் பூட்டின பழைய வீடு இருந்தால், பெரிய திட்டமெல்லாம் அப்புறம். மழைக்கு முன்னாடி ஒரு ஆளை ஏற்றி ஓட்டைப் புரட்டிப் பாருங்கள், காடியைச் சுத்தம் செய்யுங்கள், சுவரில் முளைத்ததை வெட்டுங்கள். கதவைத் திறக்க ஒருத்தரை ஏற்பாடு செய்யுங்கள், முடிந்தால் உள்ளே ஏதாவது ஒரு வேலை நடக்கட்டும்.

எங்கள் பக்கம் ஐப்பசி மழைதான் பெரிய மழை. அப்பா என்ன சொல்வாரோ தெரியாது, அதற்குள் லயன் கூரை போய்விட்டால் பேச ஒன்றும் இருக்காது. அதனால் உரிமையாளர் மகனிடம் கேட்டுவிட்டு, மூணாவது ரூம் மேலே தார்ப்பாய் கட்டி, நாலு பக்கமும் கல் வைத்து இறுக்கியாச்சு. அடுத்த வாரம் நாலாவது ரூம்.